மாவாகாத ஆப்பிள் கிடைக்கும் மலையூர்!

சிம்லாவிலிருந்து நார்கண்டா வழியாக 80 கிலோமீட்டர் போனால் தானேதார். கீழே ஆழத்தில் சட்லெஜ் நதி, எதிரே பனிமலை, சாலையின் இரண்டு பக்கமும் ஆப்பிள் தோட்டம். ஆகஸ்டில் போனால் கிளைகளுக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தியிருப்பார்கள். காய்களின் பாரம் அப்படி!

நம் ஊரில் ஆப்பிள் என்றால், ஆஸ்பத்திரியில் இருப்பவரைப் பார்க்கப் போகும்போது வாங்கும் பழம். பாதி நேரம் கடித்தால் வாயில் மாவாகக் கரையும். ஆப்பிளே இப்படித்தான் என்று முடிவு கட்டியவர்கள், தானேதாரில் மரத்தடியிலேயே ஒன்றைக் கடித்துப் பார்க்க வேண்டும். 'டக்'கென்று உடையும். சாறு கையில் வழியும். இத்தனைக்கும் இரண்டும் பெரும்பாலும் ஒரே ரகம்தான்... ரெட் டெலிஷியஸ். உள்ளூரில் 'ராயல்' என்று விற்பதும் அதன் ஒரு வகைதான்.

பறித்த பிறகும் ஆப்பிள் பழுத்துக்கொண்டே இருக்கும். செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் மெல்லக் கரையும். ஒட்டு விட்டுப்போன பழத்தைக் கடித்தால் செல்கள் உடையாமல் தனித்தனியாகப் பிரிந்துவிடும். சாறு உள்ளேயே சிக்கிக்கொள்ள, நாக்குக்குக் கிடைப்பது மாவுதான். ரெட் டெலிஷியஸில் இது சீக்கிரமே நடந்துவிடுகிறது. தோல் மட்டும் பளபளவென்று சிவப்பாகவே இருக்கும். ஏமாற்றுக்காரப் பழம்!

இதை இங்கே கொண்டுவந்தவர் அமெரிக்காவின் பிலடெல்பியாக்காரர், சாமுவேல் ஸ்டோக்ஸ். 1904-ல் தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்ய வந்தவர், கோட்கர் பகுதியிலேயே தங்கி, உள்ளூர்ப் பெண்ணை மணந்தார். 1921-ல் சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனார். பின்னாளில் சத்யானந்த ஸ்டோக்ஸ் ஆனார். அவருக்கு முன்பே வெள்ளைக்காரர்கள் குலு பக்கம் இங்கிலாந்து ரகங்களை நட்டிருந்தார்கள். அவற்றில் புளிப்பு தூக்கல். 1916-ல் ஸ்டோக்ஸ் கொண்டுவந்த ரெட் டெலிஷியஸோ இனிப்பு. நம் நாக்கு உடனே சரணடைந்துவிட்டது.

ராயல் மரங்களுக்கு நடுவே மகரந்தத்துக்காக கோல்டன் டெலிஷியஸையும் வைத்திருப்பார்கள். மஞ்சள் நிறம், மெல்லிய தோல், தேன் வாசனை, இனிப்புக்குப் பின்னால் லேசான புளிப்பு. ருசியில் ராயலைவிட ஒரு படி மேல்தான். ஆனால், சிவப்பாக இல்லையே... சந்தையில் விலை குறைவு. பச்சை நிற கிரானி ஸ்மித் கல் மாதிரி இருக்கும், பல் கூசும் புளிப்பு. உப்பு, மிளகாய்த்தூள் தொட்டால் மாங்காய் நினைவு வரும். காலா சின்னப் பழம், மொறுமொறுப்பு. ரெட் டெலிஷியஸின் ஜப்பானியப் பிள்ளையான ஃபுஜி, மாதக்கணக்கில் வைத்தாலும் மாவாகாது.

இந்த மலையின் கவலையும் இந்த ரகங்களில்தான் இருக்கிறது. ரெட் டெலிஷியஸுக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே சுமார் 1,000 மணி நேரம் வேண்டும். பனி குறையக் குறைய, தாழ்வான தோட்டங்களில் காய்ப்பு தடுமாறுகிறது. ஆப்பிள் மலையில் மேலே மேலே ஏறுகிறது. ஏற இடமில்லாதவர்கள் தாத்தா வைத்த ராயல் மரங்களை வெட்டிவிட்டு, கம்பியில் கட்டி வளர்க்கும் குட்டை காலா மரங்களை நடுகிறார்கள். இரண்டு மூன்று வருடத்தில் காய்க்கும். ஆனால் செலவு அதிகம், சொட்டுநீரும் வேண்டும். எல்லோருக்கும் கட்டுப்படியாகாது.

ஆகஸ்ட், செப்டம்பரில் போகிறவர்கள் சாலையோரக் கடையில் கோல்டனைக் கேட்டு வாங்குங்கள். பெட்டியில் அடியில் கிடக்கும். மழைக்காலம் என்பதால் வழியில் மண்சரிவு இருக்கிறதா என்று சிம்லாவிலேயே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.