ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்திருந்தால்...

ஒரு நாயின் சமாதியைப் பார்க்க ஜனங்கள் எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள் என்றால் நம்புவீர்களா? வேல்ஸ் நாட்டு மலைக்கிராமமான பெத்கெலெர்ட்டில் நடக்கிறது. ஊர்ப்பெயருக்கே 'கெலெர்ட்டின் கல்லறை' என்றுதான் அர்த்தம்.

மரத்தடி, சுற்றிலும் கம்பி வேலி, நடுவே கல். நானும் மனைவியும் போயிருந்தோம். கதை இதுதான். 13-ம் நூற்றாண்டு இளவரசர் லுவெலின் வேட்டை முடிந்து வீடு திரும்புகிறார். வாயெல்லாம் ரத்தத்தோடு, வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறது செல்ல நாய் கெலெர்ட். உள்ளே தொட்டில் கவிழ்ந்து கிடக்கிறது. குழந்தையைக் காணோம். உருவினார் வாளை! நாய் சாய்ந்த பிறகு, தொட்டிலுக்கு அடியில் குழந்தையின் அழுகுரல். பக்கத்தில் செத்துக் கிடக்கிறது ஓர் ஓநாய்.

"அட, நம்ம கீரிப்பிள்ளை கதை!" என்றாள் மனைவி.

அதேதான். பஞ்சதந்திரக் கீரி தேசம் தேசமாக நடந்து, வேல்ஸ் போய்ச் சேர்வதற்குள் நாயாகிவிட்டது. பாம்பு ஓநாயாகிவிட்டது.

சமாதி? 18-ம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே விடுதி நடத்திய டேவிட் பிரிச்சர்டின் கைங்கரியம் என்கிறார்கள். நாலு பேர் வந்தால்தானே ரூம் நிரம்பும்! கெலெர்ட் என்பது ஒரு பழைய துறவியின் பெயராக இருக்கலாம் என்பது அறிஞர்கள் கட்சி. 1811-ல் ஸ்பென்சர் என்பவரின் கவிதையும் அச்சில் வர, நாய் உலகப் புகழ் பெற்றுவிட்டது.

"டூப் சமாதிக்கா கண்ணைத் துடைச்சுக்கறே?" என்றேன்.

"சமாதி டூப்பாவே இருக்கட்டும். கையை ஓங்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் எட்டிப் பார்க்காத மனுஷன் டூப்பா?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. சிலப்பதிகாரம்தான் ஞாபகம் வந்தது. அவசரப்பட்டுக் கீரியைக் கொன்ற பார்ப்பனப் பெண்ணைக் கணவன் விட்டுப் போகிறான். அவள் பாவம் தீரத் தானம் செய்து, பொருளும் கொடுத்து, கணவனோடு சேர்த்து வைத்த புண்ணியவான் கோவலன். மதுரைக்கு வெளியே மாடலன் என்ற மறையவன் இதைச் சொல்லித்தான் அவனைப் பாராட்டுகிறான். அதற்கப்புறம் கோவலன் சிலம்பு விற்க ஊருக்குள் போகிறான். பாண்டியன் விசாரிக்கவே இல்லை.

அவசரப்பட்டவளுக்குக் கை கொடுத்தவன், இன்னொருவர் அவசரத்துக்குப் பலியானான். உள்ளே இருப்பது முத்தா, மாணிக்கமா? அந்தச் சிலம்பைத் திறந்து பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?