மகள் சிரித்த கடற்கரை

மகளின் பிரசவத்துக்காக வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் நகருக்குப் போயிருந்தேன். குழந்தைக்கு மூன்று மாதம் ஆகியும் அவளை வாசற்படி தாண்ட விடவில்லை நான். "பச்சை உடம்பு, குளிர்காத்து ஆகாதும்மா" என்பேன். அவளோ நாளுக்கு நாள் பேச்சுக் குறைந்து, ஜன்னலையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் மாப்பிள்ளை, "அத்தை, வடக்குக் கடற்கரை வரைக்கும் போயிட்டு வரலாம்" என்றார். குழந்தையை நன்றாகப் போர்த்திக்கொண்டு காரில் கிளம்பினோம்.

முதலில் ஜயன்ட்ஸ் காஸ்வே. எரிமலைக் குழம்பு குளிர்ந்து, சுருங்கி, வெடித்து உண்டான சுமார் 40,000 கருங்கல் தூண்கள்! பெரும்பாலும் அறுகோணம். படிக்கட்டு மாதிரி கடலுக்குள் இறங்குகின்றன. 1986-லேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். மகள் பார்த்தாள், பேசவில்லை.

அங்கிருந்து கிழக்கே ஒயிட் பார்க் பே. வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகளுக்குக் கீழே பிறைபோல் வளைந்த மணல். அந்த மணலில் மாடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன!

"அம்மா, நம்ம ஊர் தெரு மாதிரியே இருக்கும்மா!" என்று மகள் வாய்விட்டுச் சிரித்தாள். நான் கேட்டு எத்தனை நாளாயிற்று! செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நடந்தாள். தண்ணீரில் மட்டும் இறங்கவில்லை. ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டம் உள்ள கடல் அது.

அன்றிரவு, "காரணமில்லாம அழுகை வருதும்மா" என்று மனம் திறந்தாள். மறுநாளே டாக்டரிடம் அழைத்துப் போனோம். "பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு, குணமாகிவிடும்" என்றார். சிகிச்சையில் இப்போது தேறிவிட்டாள்.

சகோதரிகளே, பத்தியத்தைப் பார்க்கிற நாம், பெற்றவளின் முகத்தையும் பார்க்க வேண்டாமா?