எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் ஒரு வரி

எங்கள் கல்லூரியில் பெண்கள் விடுதியின் கதவை மாலை ஆறரைக்குப் பூட்டுவார்கள். துறையின் கணினி அறை எட்டு மணிவரை திறந்திருக்கும். இடையிலுள்ள அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றி நான் வெகுகாலம் யோசித்ததில்லை. நானே நான்கரை மணிப் பேருந்துக்கு ஓடுகிறவள்.

அந்த அறையின் சர்வரில் இருப்பவை பழைய பெண்கள் இதழ்களின் ஸ்கேன்கள். வை.மு.கோதைநாயகி 1925இல் ஏற்று நடத்தத் தொடங்கிய ‘ஜகன்மோகினி’யின் சில இதழ்களும் உண்டு. நானும் இரண்டு மாணவிகளும் தும்மித் தும்மி எடுத்தவை. எடுத்த நாங்களே பார்க்க வேண்டுமென்றாலும் அந்த அறைக்குத்தான் போகவேண்டும்.

என்னுடையது லினக்ஸ் லேப்டாப். முதலில் எஃப்எஸ்டேப் கோப்பில் சர்வரின் முகவரியை எழுதிவைத்தேன். கல்லூரியில் ஒழுங்காக இருந்தது. வீட்டில் திறந்தால், அங்கே இல்லாத சர்வரைக் கூப்பிட்டுக்கொண்டு ஒன்றரை நிமிடம் அப்படியே நிற்கும். ஆட்டோஎஃப்எஸ் என்று ஒன்று இருப்பதை ஒரு மாணவிதான் காட்டினாள். கோதைநாயகிக்கு எழுதப் பழகாத நாளில் அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார், எனக்கு இவள். ஆட்டோஎஃப்எஸ் எதையும் முன்கூட்டி இணைத்து வைப்பதில்லை. ஃபோல்டருக்குள் நாம் நுழையும்போதுதான் சர்வரைப் போய்க் கேட்கும். ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் தானே விட்டுவிடும். ஆட்டோ.மாஸ்டர் கோப்பில் ஒரு வரி, அது சுட்டும் பட்டியலில் ஒரு வரி, அவ்வளவுதான். தளை தட்டாமல் ஒரு வெண்பா அமைந்த மகிழ்ச்சி எனக்கு.

வீட்டிலிருந்து கல்லூரியின் விபிஎன்னில் நுழைந்தேன். திறக்கவில்லை. எங்கள் வீட்டு மோடமும் 192.168.1 என்று தொடங்குகிறது, கல்லூரியும் அப்படியே. கல்லூரி சர்வரின் எண்ணை லேப்டாப் எங்கள் கூடத்திலேயே தேடியிருக்கிறது. அங்கே அந்த எண் டிவிக்குப் போயிருந்தது. வீட்டு எண்ணை 192.168.50 என்று மாற்றினேன். பத்து நிமிடம் டிவி நின்றது. “உனக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்?” என்றார் கணவர். கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்த நேரம்.

இப்போது சர்வர் பதில் சொன்னது: அனுமதி இல்லை.

மறுநாள் சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் போனேன். யார் யாரை உள்ளே விடலாம் என்பதை எக்ஸ்போர்ட்ஸ் என்ற கோப்பில் எழுதிவைக்க வேண்டும். திறந்து காட்டினார். மூன்று சப்நெட்டுகள் இருந்தன. துறை, நூலகம், ஆண்கள் விடுதி.

என் விபிஎன் எனக்கு மறந்தே போனது. “லேடீஸ் ஹாஸ்டல் எங்க சார்?”

“யாரும் கேக்கலையே மேடம். கேட்டிருந்தா போட்டிருப்பேன்.”

அவர் பொய் சொல்லவில்லை. ஆண்கள் விடுதிப் பையன்கள் ஏதோ ஒரு மாலை ஏழு மணிக்கு அவரோடு டீ குடித்தபடி கேட்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் கேட்பதற்கு எந்தப் பெண்ணும் அங்கே இருந்திருக்க முடியாது. விபிஎன்னைச் சேர்க்க அவர் தயங்கியதில்கூட நியாயம் உண்டு. இவர்கள் வைத்திருக்கும் என்எஃப்எஸ் ஆளைப் பார்ப்பதில்லை. எந்த எண்ணிலிருந்து வருகிறார் என்பதைத்தான் நம்புகிறது. கண்டவர்களுக்கும் திறந்துவிட முடியாதுதான். ஆனால் ஆண்கள் விடுதிக்கு இல்லாத ஆபத்து பெண்கள் விடுதியிலிருந்து வந்துவிடுமா என்ன?

துறைத்தலைவருக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றாவதில், இதழ்களை ஸ்கேன் செய்த மாணவிகள் எந்த விடுதியில் இருக்கிறார்கள் என்பதை மட்டும் எழுதியிருந்தேன். அடுத்த வாரம் இரண்டு வரிகள் சேர்ந்தன. ஒன்று பெண்கள் விடுதிக்கு. மற்றொன்று விபிஎன்னுக்கு, படிக்க மட்டும்.

அன்று இரவு பத்து ஐம்பதுக்கு விடுதியிலிருந்து ஒரு செய்தி வந்தது. “மேம், பதினாலாம் பக்கம் சாய்ஞ்சு ஸ்கேன் ஆயிருக்கு. ஓரத்துல ரெண்டு எழுத்து தெரியல. திரும்ப எடுக்கணும்.”