மகளுக்கு ஒரு வரைபலகை



"படம் கீறிக்கொண்டிருந்தால் சோறு வருமா?" என்று உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் நீங்கள் எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டிருக்கிறேன். என் மூத்த மகளிடம், ஒரு தடவை அல்ல, பல தடவை. இன்று அதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அந்த வெட்கத்தின் கதையை உங்களிடம் சொல்ல வேண்டும். கூடவே, சொற்பக் காசை வைத்துக்கொண்டு பிள்ளைக்கு டிராயிங் டேப்லட் தேடும் தாய்மாருக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்ட சில விஷயங்களையும் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் முல்லைத்தீவு மாவட்டத்தில், முள்ளியவளைக்குப் பக்கத்திலுள்ள நீராவிப்பிட்டி. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது நான் ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். பாடசாலையில் பரிசாகக் கிடைத்த வர்ணப் பெட்டியும், பாதி நிரம்பிய சித்திரக் கொப்பியும் என்னிடம் இருந்தன. "உடுப்பு மட்டும் எடுங்க மகள், தூக்கிக்கொண்டு நடக்க ஏலாது" என்றார் வாப்பா. இரண்டையும் அலுமாரிக்கு மேலே பத்திரமாக வைத்தேன். நாலு நாளில் திரும்பி வந்துவிடுவோம் என்று நினைத்தேன். புத்தளத்தில் ஓலைக் குடிசையில் வளர்ந்து, அங்கேயே கலியாணம் முடித்து, பிள்ளைகளையும் பெற்று, 2011இல் திரும்பி வந்தபோது அலுமாரி மட்டுமா, அந்த அறையே இல்லை. அதற்குப்பிறகு நான் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். பென்சிலைத் துணியில் அடையாளம் போடத்தான் எடுத்தேன்.

இப்படிப்பட்ட ஒருத்தி தன் மகளைப் பார்த்து "சோறு வருமா?" என்று கேட்கலாமா, சொல்லுங்கள்!

மகள் உயர்தரத்தில் சித்திரத்தையும் ஒரு பாடமாக எடுத்தாள். பரீட்சை முடிந்ததும் வீட்டில் இருந்தபடி என்னுடைய போனில் விரலால் பூக்களையும் கொடிகளையும் கீறிக்கொண்டிருப்பாள். ஒருநாள் பக்கத்து வீட்டுக் கலியாணத்துக்கு அழைப்பிதழ் ஓரமாக ஒரு கொடி கீறிக் கொடுத்தாள். பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். ஆனால் வவுனியாவில் அச்சகத்துக்காரர் அதைத் திருப்பித் தந்துவிட்டார். "நல்லாத்தான் கீறியிருக்கிறா. ஆனா பேப்பரைப் போட்டோ பிடிச்சு அனுப்பினா, பெருசாக்கும்போது கோடெல்லாம் பிசிறு தட்டுது. கணினியில கீறித் தந்தா மாதம் ரெண்டு மூன்று வேலை என்னாலயே தர ஏலும்" என்றார்.

அன்று இரவு மகள் சாப்பிடவில்லை. நானும் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டை விட்டுத் தூரம் போகாமல், தன் கைத்தொழிலால் நாலு காசு சம்பாதிக்க ஒரு கதவு திறந்திருக்கிறது. அந்தக் கதவுக்குள் போக ஒரு கருவி வேண்டும். புத்தளத்திலிருக்கும் என் நானா தன் பழைய மடிக்கணினியைத் தந்தார். மீதி என் பொறுப்பு. தைத்துச் சேர்த்த சீட்டுக் காசு 30,000 ரூபா கையில் இருந்தது.

இனி நான் செய்த பிழையைக் கேளுங்கள். போனில் வந்த ஒரு விளம்பரத்தைப் பார்த்து, "பாவித்தது, ஆனால் புதிது மாதிரி" என்று எழுதியிருந்ததை நம்பி, 9,000 ரூபாவுக்கு ஒன்றை வாங்கினேன். வந்தது பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் அதோடு வந்த பேனா வேறொரு கம்பெனியுடையது. பலகையில் எவ்வளவு அழுத்தினாலும் கணினித் திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. விற்றவரின் போன் மறுநாளே வேலை செய்யவில்லை. மகள் ஒன்றும் பேசவில்லை. "பரவாயில்லை உம்மா" என்று மட்டும் சொன்னாள். அந்தச் சொல்தான் என்னை அதிகமாகக் குத்தியது.

அதற்குப்பிறகு நான் அவசரப்படவில்லை. இரண்டு மாதம் விசாரித்தேன். துணிக்கடையில் துணியைக் கசக்கிப் பார்க்கிறவள், இதைக் கசக்கிப் பார்க்காமல் வாங்கியது ஏன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். விசாரித்ததில் தெரிந்தவை இவை.

முதலில், இந்தப் பேனாவின் இரகசியம். இன்றைய பெரும்பாலான வரைபலகைகளில் பேனாவுக்குள் பற்றரி கிடையாது. உள்ளே சிறிய கம்பிச்சுருள் ஒன்று இருக்கிறது. பலகையிலிருந்து எழும் மின்காந்த அலை அந்தச் சுருளைத் தட்டியெழுப்ப, அது பதில் சொல்கிறது. அந்தப் பதிலை வைத்துப் பேனா எங்கே நிற்கிறது, எவ்வளவு அழுத்துகிறது என்பதைப் பலகை கண்டுகொள்கிறது. ஆகவே ஒரு கம்பெனியின் பேனா இன்னொரு கம்பெனியின் பலகையோடு பேசாது. ஒரே கம்பெனியிலும் எல்லா மாதிரிக்கும் பொருந்தாது. தன் பேனா இல்லாத பலகை வெறும் சிலேட்டுதான். பாவித்ததை வாங்குவதானால் பேனாவையும் சேர்த்துக் கண்முன்னே கீறிக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது, திரை வேண்டுமா என்ற கேள்வி. திரையுள்ள பலகையில் படத்தின் மேலேயே கீறலாம். பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் விலை பல மடங்கு. திரை இல்லாததில் கை மேசையில் இருக்கும், கண் கணினித் திரையில் இருக்கும். "இது எப்படி முடியும்?" என்று நான் பயந்தேன். மகள் சிரித்தாள். "நீங்க மெஷினில தைக்கும்போது காலைப் பார்த்துக்கொண்டா மிதிக்கிறீங்க உம்மா?" என்றாள். சரிதானே! பழகுவதற்குச் சில நாட்கள், மிஞ்சினால் சில வாரங்கள். அவ்வளவுதான்.

மூன்றாவது, அளவு. ஏறக்குறைய 6 அங்குல நீளம், 4 அங்குல அகலம் கீறும் இடம் இருந்தால் தொடங்குவதற்குப் போதும். அதைவிடச் சிறியதில் மணிக்கட்டு மட்டுமே அசையும். நீண்ட கோடு இழுக்க முடியாது, கையும் சீக்கிரம் வலிக்கும். 10 அங்குலப் பலகை நல்லதுதான். ஆனால் எங்கள் வீட்டில் அது மேசையின் பாதியைப் பிடித்துவிடும். மீதிப் பாதியில் தம்பிமார் படிக்க வேண்டும்.

நான்காவது, அழுத்த அளவு. 2048, 4096, 8192 என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். பேனாவை மெல்ல வைத்தால் மெல்லிய கோடு, அழுத்தினால் தடித்த கோடு. அதை எத்தனை படிகளாகப் பிரித்து உணர்கிறது என்பதுதான் அந்த எண். எண் கூடினால் படம் நன்றாக வரும் என்று நினைத்துவிடாதீர்கள். 2048 உள்ள பலகையிலேயே தொடங்குகிறவரின் கைக்கு வேண்டியதெல்லாம் கிடைக்கும். பேனாவை மெதுவாகத் தொட்டவுடன் கோடு விழுகிறதா, கோடு நடுங்காமல் வருகிறதா என்பதைக் கடையிலேயே பாருங்கள். அது எண்ணைவிட முக்கியம்.

ஐந்தாவது, எதனோடு இணைக்கப்போகிறீர்கள்? கணினி இல்லாத வீடுகளில் போனோடு இணைக்கலாம். ஆனால் எல்லா மாதிரியும் எல்லாப் போனோடும் சேராது. நிமிர்த்திப் பிடித்த போனோடு இணைத்தால் பலகையின் ஒரு பகுதி மட்டுமே வேலை செய்யும் மாதிரிகளும் உண்டு. ஆகவே உங்கள் போனையோ மடிக்கணினியையோ கடைக்குக் கையோடு கொண்டுபோங்கள். பத்து ரூபாவுக்கும் பெறாத ரப்பர் முனைக் குச்சியை "டிஜிட்டல் பேனா" என்று நீட்டினால் ஏமாறாதீர்கள். அது விரலுக்குப் பதிலாக நிற்கும், அழுத்தத்தை உணராது. கணினியே வாங்க முடியாத நிலையென்றால், சம்சுங் கலக்சி டெப் எஸ்6 லைட் போலப் பேனாவோடு வரும் கையடக்கக் கணினி ஒன்று தனித்தே எல்லா வேலையும் செய்யும். விலை கூடத்தான், ஆனால் வேறு கருவி தேவையில்லை.

ஆறாவது, பேனாவின் முனை. இது செருப்புக்கு அடித்தோல் மாதிரி, தேயும். பெட்டிக்குள் மேலதிக முனைகள் எத்தனை இருக்கின்றன, பிறகு தனியாக வாங்க முடியுமா என்று கேளுங்கள். பேனாவைக் கட்டிலின் ஓரத்திலிருந்து விழவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முனைப் பக்கமாக விழுந்தால் அழுத்தத்தை உணரும் பகுதி கெட்டுவிடலாம்.

கடைசியாக, மென்பொருள். இதற்கும் காசு கொடுக்க வேண்டும் என்று பயப்பட வேண்டாம். கிரிட்டா என்ற ஓவிய மென்பொருள் முற்றிலும் இலவசம், சட்டப்படியே இலவசம். போனில் கீறுகிறவர்களுக்கு ஐபிஸ் பெயின்ட் இருக்கிறது. திருட்டுப் பிரதி போட்டுத் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதோடு வைரஸும் வந்து சேரும். பிள்ளையின் முதல் உழைப்பு களவுப் பொருளில் தொடங்கவும் கூடாது.

இந்தக் கருவி புதிதென்று நினைத்துவிடாதீர்கள். 1964லேயே அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் 10 அங்குலச் சதுரப் பலகை ஒன்றைச் செய்திருக்கிறது. அது ஆராய்ச்சிக்கூடங்களுக்கு உரிய பொருள். குடும்பங்கள் நினைத்துப் பார்க்கக்கூடிய விலை அல்ல. 1983இல் ஜப்பானில் வாகொம் கம்பெனி தொடங்கியது. கம்பியில்லாத, பற்றரியில்லாத பேனாவால் அது பெயர் பெற்றது. பின்னர் சீனாவில் ஹுயியன், எக்ஸ்பி-பென் போன்றவையும் போட்டிக்கு வந்தபின்தான் எங்களைப் போன்றவர்களின் கைக்கு எட்டும் விலைக்கு இறங்கியது. எட்டியதை நாட்டின் நெருக்கடி மறுபடி தூக்கி வைத்தது. 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், சில மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டது உங்களுக்கும் நினைவிருக்கும். வெளிநாட்டுப் பொருள் எல்லாம் அந்தக் கணக்கில்தான் விலை ஏறியது.

இத்தனையையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, மகளும் நானும் காலை பஸ்ஸில் மாங்குளம் வழியாக வவுனியா போனோம். மூன்று கடை ஏறி இறங்கினோம். ஹுயியன் எச்640பி, எக்ஸ்பி-பென் ஸ்டார் ஜி640, வாகொமின் சி.டி.எல். 472 ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு. எங்கள் தேவைக்கு மூன்றும் போதும் என்று ஏற்கனவே கணக்குப் போட்டிருந்தோம். மூன்றாவது கடைக்காரத் தம்பி பொறுமையானவர். எங்கள் பழைய மடிக்கணினியிலேயே இணைத்து, மகளைக் கீறிப் பார்க்க விட்டார். அவளுடைய கைக்கு எது இலேசாகப் பட்டதோ அதை எடுத்தோம். பில்லையும் உத்தரவாத அட்டையையும் கேட்டு வாங்கினேன். மீதிக் காசில் மேலதிக முனைகளும் இரண்டு கொத்துரொட்டியும் வாங்கியபின் பஸ்ஸுக்கு மட்டும்தான் மிஞ்சியது.

முதல் வாரம் அவள் கீறிய வட்டமெல்லாம் முட்டையாக வந்தது. இரண்டாம் வாரம் அழுதாள். மூன்றாம் வாரம் என் கைலேஞ்சி ஒன்றில் இருந்த பூவேலையைப் பார்த்து அப்படியே கீறினாள். அதற்கடுத்த மாதம் அச்சகத்துக்காரரின் முதல் வேலை வந்தது. பெரிய காசு அல்ல. ஆனால் பிசிறில்லாத கோடு. அழைப்பிதழைக் கையில் எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். தைக்கிறவளுக்குக் கோட்டின் அருமை தெரியாதா?

வந்த காசை மகள் என் கையில் வைத்தாள். நான் வாங்கவில்லை. "போன 9,000 ரூபாவுக்காவது எடுங்க உம்மா" என்றாள். அந்தப் பணம் என் படிப்புக்குக் கட்டிய கட்டணம் என்று சொன்னேன்.

ஓரிரவு அவள் கேட்டாள்: "உம்மா, அந்தச் சித்திரக் கொப்பியில கடைசியா என்ன கீறினீங்க?" முப்பத்தைந்து வருடத்துக்கு முந்திய கேள்வி. ஆனால் எனக்கு மறக்கவில்லை. "வீட்டுக் கிணறு. பக்கத்தில தென்னை. தென்னைக்கு நிறம் கொடுக்க நேரம் கிடைக்கல" என்றேன். அவள் பலகையை என் பக்கம் தள்ளி, பேனாவை என் விரலுக்குள் வைத்தாள். என் கை நடுங்கியது, கோடு வளைந்தது. "பிழைச்சா அழிக்கலாம் உம்மா, இதில தாள் கிழியாது" என்றாள்.

சகோதரிகளே, மலிவான பொருள் என்பது விலை குறைந்த பொருள் அல்ல. நான் 9,000 ரூபாவுக்கு வாங்கியது விலை குறைந்தது. அதைவிடக் கூடக் கொடுத்து வாங்கியதுதான் மலிவானது. ஏனென்றால் அது ஒவ்வொரு நாளும் வேலை செய்கிறது. உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கீறிக்கொண்டிருக்கலாம். உடனே காசு செலவழியுங்கள் என்று நான் சொல்லவில்லை. முதலில் அந்தக் கடைசிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கை ஓடுகிறது என்று கண்டால், விசாரித்து, கீறிப் பார்த்து, பில்லோடு வாங்கிக் கொடுங்கள்.

"சோறு வருமா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். எங்கள் கிணற்றடித் தென்னைக்கு இப்போதுதான் பச்சை நிறம் கொடுத்திருக்கிறேன்.