வேட்டிக்கு நிழல் எங்கே?

ஃபோட்டோவை கேன்வாஸில் பிரிண்ட் போட்டு, மேலே வார்னிஷ் இழுத்து, ஆயில் பெயின்டிங் என்று விற்கிறார்கள். அப்படி ஒன்றை ராயபுரத்துப் பையன் ஒருவன் என்னிடமே கொண்டுவந்தான். "அண்ணே, மேல லேசா பிரஷ் ஓட்டிக் குடுங்க, போதும்." அவன் தாத்தா படம். முகம்கூடத் தேவலை. வேட்டிதான் சுண்ணாம்பு அடித்த சுவராக நின்றது.

உருவப்படக்காரனின் வேலை தெரிவது முகத்தில் அல்ல, வெள்ளைத் துணியில். மூக்கும் கண்ணும் பிடிப்பு தரும். வேட்டியில் எதைப் பிடிப்பது? என் வாத்தியார் வெள்ளை டியூபைப் பூட்டி வைத்துவிட்டு வேட்டி வரையச் சொல்வார். அல்ட்ராமரைன், பர்ன்ட் அம்பர், துளி ஓக்கர், அவ்வளவுதான். துணி மெலிசென்றால் உள்ளேயிருக்கும் தோல் நிறம் கசிய வேண்டும். கீழ் மடிப்பில் தரையின் நிறம் ஏற வேண்டும். டைட்டானியம் வெள்ளை கடைசியில், மடிப்பு முனையில் மட்டும். முதலிலேயே வெள்ளையைக் கேட்டவனை எழுந்து போகச் சொல்லிவிடுவார். வேட்டியிலேயே எத்தனையோ மாதம் கிடந்தேன்.

வெள்ளை மஸ்லினில் கைதேர்ந்தவர் ஓவியர் எலிசபெத் விஜே லெ ப்ருன். 1783இல் பிரெஞ்சு ராணி மரி அந்துவானெத்தை மஸ்லின் உடையில் வரைந்தார். ராணியை உள்ளாடையில் காட்டிவிட்டார் என்று கூச்சல் எழுந்து, கண்காட்சியிலிருந்து படத்தை இறக்கினார்கள். துணி அவ்வளவு மெலிசாக வந்திருக்கிறது, வேறென்ன! 1787இல் நம் புதுச்சேரியில் கப்பலேறிய திப்பு சுல்தானின் தூதர்கள் மறு வருடம் பாரிஸ் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் முகம்மது தர்வேஷ் கானை, பொன்பூ போட்ட வெள்ளை மஸ்லின் அங்கியோடு, ஏழடிக்கு மேற்பட்ட கேன்வாஸில் நிறுத்தினார் லெ ப்ருன். பொன்பூ யாருக்கும் மினுங்கும். அதன் கீழே துணி துணியாக இருப்பதுதான் பாடு. ஈரம் காயட்டும் என்று படத்தைத் தூதர்களின் விடுதியிலேயே விட்டுவைக்க, கான் அதைக் கட்டிலுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு தர மறுத்தாராம். கானின் வேலைக்காரனைப் பிடித்துத்தான் அந்த அம்மா அதை மீட்டிருக்கிறார். 2019இல் நியூயார்க் ஏலத்தில் அது 70 லட்சம் டாலரைத் தாண்டியது.

இங்கே சதுர அடிக்கு ரேட் கேட்கிறார்கள். கட்சிக்காரரோ கல்யாண வீடோ, இன்று கொடுத்தால் நாளை மாலைக்குள் வேண்டும். ஒரு பூச்சு காய்வதற்கே அது போதாது. இப்போது பிரஷ் பிடிக்கும் பிள்ளைகள் நேராக டைட்டானியத்தில் கை வைக்கிறார்கள். நிழலுக்குக் கறுப்பைக் கலந்து வேட்டியை அழுக்காக்குகிறார்கள். கேட்டால், தூரத்தில் தெரியாது என்கிறார்கள்.

அந்தப் பையனுக்கு, புதிதாக வரைகிறேன், ஒன்றரை மாதம் ஆகும் என்றேன். அவ்வளவு நாள் இல்லையாம். பிரிண்டின் மூலையில் என் கையெழுத்தாவது போட்டுத் தரச் சொன்னான்.