உரியாத முட்டை

கீரனூர்ப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அப்பாயி நான்கைந்து நாட்டுக்கோழிகள் வளர்த்தாள். காலையில் இட்ட முட்டையை அன்றே எனக்கென்று அவித்துத் தருவாள். உரித்தால் ஓட்டோடு வெள்ளைக்கருவும் பிய்ந்து வரும். மிஞ்சுவது அம்மைத் தழும்பு விழுந்த முகம் போலிருக்கும்.

1989இல் சத்துணவில் இரு வாரத்துக்கு ஒரு முட்டை தரத் தொடங்கினார்கள். தட்டில் விழுந்த பண்ணை முட்டை வழவழவென்று பளிங்காக இருந்தது. அன்று மாலையே, "ஒங் கோழி முட்டை நல்லால்ல அப்பாயி, பள்ளிக்கூடத்து முட்டதான் முட்ட" என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அதன்பின் முட்டைகள் சந்தைக்குப் போயின.

காரணம் எனக்குப் புரிந்தபோது அவள் இல்லை. புது முட்டையின் வெள்ளைக்கருவில் கரியமில வாயு கரைந்திருப்பதால் காரத்தன்மை குறைவு. வேகும்போது அது உள்சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். நாளாக ஆக, ஓட்டின் நுண்துளைகள் வழியே வாயு வெளியேறிப் பிடி தளரும். லாரியேறி, கிடங்கில் காத்திருந்து வந்த முட்டை எளிதில் உரிந்தது அதன் வயதால். அப்பாயியின் முட்டை பிய்ந்தது, அது அன்றைக்கு இட்டது என்பதால். இதைப் போய்க் குறையென்று சொல்லியிருக்கிறேன்.

அவள் பச்சைத் தண்ணீரில் முட்டையைப் போட்டு அடுப்பேற்றுவாள். தண்ணீர் கொதித்த பிறகு போட்டிருந்தால், வெள்ளைக்கருவின் மேற்புறம் சட்டென இறுகி, சவ்வோடு அவ்வளவாகப் பிணைந்திராது. நான் இட்லிப் பானையில் ஆவி வந்ததும் வைத்து, பன்னிரண்டு நிமிடத்தில் எடுத்துக் குளிர்ந்த நீரில் போடுகிறேன். சென்ற ஞாயிறு ஆறில் ஐந்து முழுதாக உரிந்தன. பிய்ந்த ஆறாவதை நான் எடுத்துக்கொண்டேன்.