வளையத்துக்கு வெளியே

சூரிச் நகரிலிருந்து புகையிரதத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிரயாணஞ் செய்தால் கிளாறுஸ் என்னும் சிறு பட்டினத்தை அடையலாம். நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் தலையை அண்ணாந்து பார்க்கத்தான் வேண்டும். ஊரின் முதுகிலே சுவர் எழுப்பியதுபோலக் கிளெர்னிஷ் மலை நிமிர்ந்து நிற்கிறது. மே மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை. மலையுச்சியிலே பனி இன்னும் கரையவில்லை.

என்னை அங்கே அழைத்துச் சென்றவர் வடமராட்சியைச் சேர்ந்த ஒரு பெரியவர். அண்ணை என்றே அவரை அழைப்பது வழக்கம். 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்துக்குப் பின்னர் சுவிற்சர்லாந்து வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கான எம்மவருள் அவரும் ஒருவர். உணவகச் சமையலறையிலே முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்து இப்போது இளைப்பாறியிருக்கிறார். மகள் அந்நாட்டிலேயே பிறந்து, பிரசாவுரிமையும் பெற்று, கிளாறுஸிலே ஆசிரியையாகப் பணிபுரிகிறாள். தகப்பனாருக்கோ நிரந்தர வதிவிட அநுமதி மாத்திரமே உண்டு.

நாங்கள் பார்க்கப் போனது அவ்வூரின் திறந்தவெளி மக்கள் சபை. மாநிலத்தின் வாக்காளர் எவரும் வருஷத்துக்கு ஒருமுறை அந்த மைதானத்திலே கூடிச் சட்டமியற்றலாம். வரி விகிதத்தையும் அங்கேயே தீர்மானிக்கிறார்கள். மரத்தாலான படிவரிசைகளை வட்டமாக அடுக்கி ஒரு வளையம் அமைத்திருந்தார்கள். நடுவிலே மேடை. மாநிலத் தலைவர் ஒரு நீண்ட வாளை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். மேடையைச் சுற்றிச் சிறு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அரசியல் பழகட்டும் என்று அவர்களுக்கு முன்னிடம் கொடுப்பது அவ்வூர் வழக்கம். 2007ஆம் ஆண்டு முதல் 16 வயதினருக்கும் அங்கே வாக்குண்டு.

வாக்குச் சீட்டை எண்ணுவதென்ற பேச்சே இல்லை. வர்ண அட்டைகளை எல்லோரும் உயர்த்த, தலைவர் கண்ணால் மதிப்பிட்டுப் பெரும்பான்மை எந்தப் பக்கமென்று சொல்லிவிடுகிறார். ஐயமானால் மறுபடி உயர்த்தச் சொல்வார். அப்போதும் தெளியாவிட்டால் அமைச்சர் நால்வரைக் கலந்துகொள்வார். அவர் சொன்ன பின்பு மேன்முறையீடு கிடையாது. நம்மூர்த் தேர்தல்களை அறிந்த எனக்கு இது சிரிப்பை மூட்டியது. ஆயினும் அங்கே ஒருவரும் முகஞ் சுளிக்கவில்லை. 2006ஆம் ஆண்டிலே 25 உள்ளூராட்சிப் பிரிவுகளைப் பத்தாகக் குறைக்கலாமென்று அரசாங்கம் யோசனை கூற, கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து மூன்று போதும் என்றார். கைகள் உயர்ந்தன, மூன்றாகவே முடிந்தது!

மகள் அட்டையுடன் வளையத்துக்குள்ளே போய்விட்டாள். அண்ணையும் நானும் பார்வையாளர் பக்கத்திலே, தடுப்புக்கு வெளியே நின்றோம். எங்களருகே இத்தாலிய முதியவர்கள் சிலரும், தலையிலே துணி கட்டிய பெண்கள் இருவரும் நின்றார்கள். அந்தப் பள்ளத்தாக்கிற்கு அந்நியர் புதியவரல்லர். ஒரு காலத்திலே லிந்த் ஆற்றின் ஓரமெங்கும் துணி ஆலைகள் இருந்தன. துருக்கிக்கும் சாவகத்துக்குங்கூட அச்சடித்த துணி இங்கிருந்து போயிற்று. ஆலைத் தொழிலாளி நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யலாகாதென்று 1864ஆம் ஆண்டில் விதித்ததும் இதே மக்கள் சபைதான். பிற்காலத்தில் அந்த ஆலைகளுக்கு உழைக்க வந்தவர்களுக்குச் சபையிலே இடமில்லை. இன்று நாடு முழுவதிலும் வாழ்வோரில் நால்வருக்கு ஒருவருக்கு மேல் பிரசாவுரிமை இல்லாதவர். வரி கட்டுகிறார்கள், விகிதத்தைத் தீர்மானிப்பவர் வேறு.

“இது உங்களுக்கு நீதியாகத் தெரிகிறதா, அண்ணை?” என்று கேட்டேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. பின்னர் தமது கதையைச் சொன்னார். சில வருஷங்களுக்கு முன் வேறோர் ஊரில் வசித்தபோது பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்தாராம். நேர்முகத்திலே கேட்ட கேள்விகள் பாதி விளங்கவில்லை. சமையலறையிலே உடன் வேலை செய்தவரெல்லாம் தமிழர்; ஜேர்மன் மொழி வாயில் ஏறுவதற்கு இடமேது? விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

“ஆனால் தம்பி, ஏன் மறுத்தவை எண்டு இரண்டு பக்கத்திலை எழுதி அனுப்பினவை. எங்கை முறையிடலாம், எத்தனை நாளுக்குள்ளை எண்டும் அதிலை கிடந்தது. ஊரிலை எனக்கு ஆர் காரணம் சொன்னது? ஒரு கடதாசிக்குக் கந்தோரிலை நாள் முழுக்க நிண்டிருக்கிறன்.”

அந்த இரண்டு பக்கக் கடிதத்துக்குப் பின்னால் ஒரு சரித்திரம் உண்டு. லுசேர்ன் மாநிலத்தைச் சேர்ந்த எம்மென் என்னும் ஊரிலே பிரசாவுரிமை விண்ணப்பங்களை ஊர்மக்களின் இரகசிய வாக்குக்கு விட்டார்கள். 2000ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் 56 பேருக்காக வாக்கெடுப்பு நடந்தது. எட்டுப் பேருக்கே சம்மதம் கிடைத்தது, எண்மரும் இத்தாலியர். யூகோஸ்லாவியப் பெயருடையோர் தள்ளுண்டனர். 2003ஆம் ஆண்டிலே கூட்டாட்சி உயர் நீதிமன்றம் இம்முறை அரசியலமைப்புக்கு முரணானதென்று தீர்த்தது: மறுப்பதாயின் காரணம் சொல்ல வேண்டும், இரகசிய வாக்குக்குக் காரணம் சொல்லும் வாயில்லை. பழைய முறையை மீட்க 2008இல் ஒரு கட்சி கொண்டுவந்த பிரேரணையை வாக்காளர்களே பெரும்பான்மையாக நிராகரித்தார்கள்.

மதிய இடைவேளையிலே இந்தக் கதையை மகளிடம் எடுத்தேன். அவள் முகம் சிவந்துவிட்டது.

“அப்பா எப்போதும் ஊரோடுதான் ஒப்பிடுவார். நான் என்னோடு படித்தவர்களோடு ஒப்பிடுகிறேன். அவர்களுடைய அப்பாமாரிடம் எவரும் பரீட்சை வைக்கவில்லை. முப்பது வருஷம் இவர்களுக்குச் சமைத்துப் போட்டவருக்கு, இலக்கணப் பிழைக்காக வெளியே நில் என்பது நீதியா?”

ஐரோப்பாவிலே குடியேறியோரிடையே நடந்த ஆய்வுகள் பலவற்றிலும் இதே வேறுபாடு காணப்படுகிறது. புதிதாக வந்தவர்கள் அந்நாட்டின் பாராளுமன்றத்தையும் நீதிமன்றத்தையும் உள்ளூராரைக் காட்டிலும் அதிகமாக நம்புகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளிடம் அந்த நம்பிக்கை குறைந்துபோகிறது. பிள்ளைகள் நன்றிகெட்டவர்கள் என்று சில பெற்றோர் குறைப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தராசு ஒன்றுதான், படிக்கல் வேறு.

அண்ணை விட்டுக்கொடுக்கவில்லை. “இவையின்ரை பொம்பிளையளுக்கே 1971 மட்டும் வாக்கில்லை, பிள்ளை. கேட்டுக் கேட்டுத்தானே எடுத்தவை,” என்றார். உண்மைதான். அப்பென்செல் உள்மாநிலத்திலே 1990ஆம் ஆண்டு நீதிமன்றம் கட்டளையிட்ட பின்னரே பெண்கள் சபைக்குள் வந்தார்கள். மறுபக்கத்தில், நொய்சாத்தெல் மாநிலம் 1849ஆம் ஆண்டிலேயே அந்நியருக்கு உள்ளூராட்சி வாக்கை அளித்தது. ஒரே நாட்டிற்குள் இத்தனை கோணல்!

இதைக் கேட்டு இலங்கையரான நாம் பெருமைப்படவும் முடியவில்லை. எமது பெண்கள் 1931ஆம் ஆண்டிலேயே வாக்களித்தார்கள். சுவிற்சர்லாந்துக்கு நாற்பது வருஷம் முந்தி. ஆனால் மலையகத் தோட்டங்களிலே தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களை 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கி, அடுத்த ஆண்டே அவர்களுடைய வாக்கையும் பறித்ததும் நாமிருந்த நாடுதான். எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை வழங்குஞ் சட்டம் 2003இலே வந்தது. அவர்களிற் பலருக்குக் காரணங் கூறும் கடிதம் ஒன்றேனும் வந்திருக்குமா என்று எண்ணிக்கொண்டேன்.

மாலைப் புகையிரதத்திலே சூரிச்சுக்குத் திரும்பினோம். மகளும் உடன் வந்தாள். சபைக்கு முன்னதாக வாக்காளர் வீடுகளுக்கு அனுப்பப்படும் விளக்கப் புத்தகம் ஒன்று உண்டு. மகளுக்கு வந்த பிரதியை அண்ணை தமது சட்டைப்பையிலிருந்து எடுத்து விரித்தார். பக்கத்தின் ஓரமெல்லாம் பென்சிலால் தமிழிலே பொருள் எழுதியிருந்தது. வரிச் சட்டத்தைப் பற்றிய பக்கத்திலே ஒரு நீண்ட சொல்லின் கீழே விரலை வைத்து, “பிள்ளை, இதுக்கு என்ன கருத்து?” என்று கேட்டார். அவள் குனிந்து பார்த்தாள். பின்பு அச்சொல்லை மூன்று துண்டாகப் பிரித்து, மெல்ல வாசித்துக் காட்டத் தொடங்கினாள்.